உம்ராவுக்குப் போகும் உம்மாவின் போன்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் யாராவது உம்ராவுக்கோ வெளிநாட்டு வேலைக்கோ போக இருந்தால் முழுதாக வாசியுங்கள். மற்றவர்கள் லைக்கைப் போட்டுவிட்டுக் கடந்து போனாலும் கோபமில்லை.

சென்ற வாரம் ஒரு சகோதரரின் பதிவுக்குக் கீழே பெரிய வாக்குவாதம் நடந்தது. உம்ராவுக்குப் போகிறவர்களுக்கு மலிவாக டேட்டா எடுப்பது எப்படி என்று ஒருவர் கேட்டிருந்தார். பதில் சொன்னவர்கள் நான்கு பேர். மீதி நாற்பது பேரும் உபதேசம். "அல்லாஹ்வின் வீட்டுக்குப் போறீங்களா, பேஸ்புக் பார்க்கப் போறீங்களா?" "எங்கட மூத்தப்பாமார் டேட்டா இல்லாமத்தான் கப்பல்ல போய் வந்தாங்க." கேட்டவர் கடைசியில் பதிவையே அழித்துவிட்டார்.

கஃபாவுக்கு முன்னால் நின்று தவாஃப் செய்கிறவர்களை இடித்துக்கொண்டு லைவ் போடுவது எனக்கும் பிடிக்காது. அதைப் பற்றி மௌலவிமார் நிறையப் பேசிவிட்டார்கள், பேசட்டும். ஆனால் 65 வயது உம்மா ஒருவர் ஹரத்துக்கு வெளியே வழி தவறி நிற்கும்போது அவருடைய போனில் டேட்டா இருக்கிறதா இல்லையா என்பது லைவ் போடும் பிரச்சினை இல்லை. மக்காவின் ஹரம் ஷரீபுக்கு நூற்றுக்கு மேற்பட்ட வாசல்கள். மன்னர் ஃபஹ்த் வாசல் 79ஆம் இலக்கம் என்றால் அதன் பருமனை யோசித்துப் பாருங்கள். எல்லா வாசலும் ஒரே மாதிரிப் பளிங்கு, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெள்ளை உடுப்பு. நம் ஊரில் பள்ளியிலிருந்து வீட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரக்கூடிய பெண், அங்கே ஒரு தடவை தப்பான வாசலால் வெளியே வந்தால் ஹோட்டல் எந்தத் திசை என்று தெரியாமல் நின்றுவிடுகிறார். அரபு தெரியாது, ஆங்கிலம் தெரியாது. கையில் போன் இருக்கிறது. அதில் இலங்கை சிம் இருக்கிறது. அது ஒன்றும் செய்யாது.

மூத்தப்பாமாரின் காலத்தை இழுக்கிறவர்களுக்கு இன்னொன்று. அந்தக் காலத்தில் ரவ்ழாவில் தொழுவதற்குப் போனில் அனுமதி எடுக்க வேண்டி இருக்கவில்லை. இன்று நுசுக் செயலியில் பதிந்து, நாளும் நேரமும் எடுத்து, வாசலில் கியூ.ஆர். குறியீட்டைக் காட்டினால்தான் உள்ளே விடுகிறார்கள். பெண்களுக்கு வேறு நேரம், ஆண்களுக்கு வேறு நேரம். ஒருவருக்கு வருடத்தில் ஒரு தடவைதான் என்ற வரையறையும் கொண்டு வந்திருக்கிறார்கள். வாழ்க்கையில் ஒரு தடவை மதீனாவுக்குப் போகிற உம்மா, தனக்குக் கிடைத்த நேரத்தில் வாசலுக்குப் போய்ச் செயலி திறக்காமல் திரும்பி வந்தால் அந்தக் கவலை சாகும் வரைக்கும் போகாது. சவூதி அரசே போனை இபாதத்தின் வாசலில் வைத்துவிட்டது. அதற்குப் பிறகும் "போன் எதுக்கு?" என்று கேட்பதில் அர்த்தமில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஒருவர் மனைவியோடு போய் வந்தார். அவருடையது மகன் எடுத்துக் கொடுத்த மாதாந்த பில் இணைப்பு. போகும்போது ரோமிங்கைத் திறந்துவிட்டுப் போனார்கள். "அவசரத்துக்குத்தானே." அங்கே போய் அவர் இணையத்தைத் தொடவே இல்லை, சத்தியமாகத் தொடவில்லை. ஆனால் போன் தொட்டது. குடும்ப வட்ஸ்அப் குழுவில் பேரப்பிள்ளைகளின் வீடியோக்கள், காலை வணக்கப் படங்கள், ஜும்ஆ முபாரக் பூக்கள், யாரோ அனுப்பிய அரை மணித்தியால பயான், எல்லாம் தானாக இறங்கிக்கொண்டே இருந்திருக்கின்றன. அவர் எடுத்த படங்களும் தானாக மேலே ஏறியிருக்கின்றன. திரும்பி வந்து மூன்றாவது கிழமை பில் வந்தது. அவருடைய ஒரு மாதப் பென்ஷனில் பாதிக்கு மேல். கொம்பனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, அது எந்தக் கொம்பனியிலும் நடக்கக்கூடியது. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் அவர் கேட்ட கேள்வி இதுதான்: "டீச்சர், நான் பாவிக்காத சாமானுக்கு நான் எப்படிக் காசு கட்டுற?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ரோமிங் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நம் சிம்மோடு ஜித்தாவில் இறங்கினால், அங்குள்ள வலையமைப்பு நம்மை விருந்தாளியாக ஏற்றுக்கொள்கிறது. நாம் பாவிக்கும் டேட்டா பெரும்பாலும் மக்காவிலிருந்து நேரே இணையத்துக்குப் போவதில்லை. முதலில் கொழும்புக்கு வந்து, நம்முடைய கொம்பனியின் கணினிகளினூடாக வெளியே போய், அதே வழியில் திரும்பிப் போகிறது. உம்மா மக்காவில் இருந்தாலும் அவருடைய பேஸ்புக் கொழும்பில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். இதற்காக அந்த நாட்டுக் கொம்பனி நம் கொம்பனியிடம் மொத்த விலையில் காசு வாங்குகிறது. நம் கொம்பனி அதற்கு மேல் தன் இலாபத்தையும் அரசாங்கத்தின் வரியையும் போட்டு நம்மிடம் வாங்குகிறது. பேக்கேஜ் எதுவும் எடுக்காவிட்டால் எம்.பி. கணக்கில் வெட்டுவார்கள். ஒரு ஜி.பி. என்பது 1024 எம்.பி. ஒரு எம்.பி.க்கு வெறும் 10 ரூபா என்று வைத்துக்கொண்டாலும் ஒரு ஜி.பி. பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். பிள்ளைகளுக்குப் பெருக்கல் படிப்பிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பத்து ரூபா யாருக்கும் பெரிதாகத் தெரிவதில்லை.

அப்படியானால் டேட்டாவை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டு போவது அவ்வளவு செலவான வேலையா? இல்லை. இதற்கு நல்ல சாட்சி ஐரோப்பா. 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டுச் சிம்மை இன்னொரு நாட்டில் பாவிக்க மேலதிகக் கட்டணம் இல்லை. இத்தாலியில் வேலை செய்யும் நம் ஊர்ப் பையன் பிரான்ஸில் இருக்கும் மச்சானைப் பார்க்கப் போனால் அதே சிம், அதே பேக்கேஜ். இதற்காகக் கொம்பனிகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கக்கூடிய மொத்த விலைக்கும் சட்டத்தில் உச்ச வரம்பு வைத்தார்கள். 2017 இல் ஒரு ஜி.பி.க்கு 7.70 யூரோ. 2022 இல் அது 2 யூரோ. 2025 இல் 1.30. 2027 இல் 1 யூரோவாக இறங்க வேண்டும். அதாவது நம் காசில் சில நூறு ரூபா. இந்த விலைக்கு விற்றும் அங்கே எந்தக் கொம்பனியும் கடையை மூடிவிட்டுப் போகவில்லை.

"அது வெள்ளைக்காரனின் நாடு" என்று சொல்லாதீர்கள். கென்யா, உகண்டா, ருவண்டா போன்ற நாடுகள் 2014 இலிருந்தே தங்களுக்குள் அழைப்புக் கட்டணத்தைக் குறைக்க ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. வளைகுடா நாடுகள் 2016 இல் தமக்குள் ரோமிங் கட்டணத்துக்கு உச்ச வரம்பு வைத்தன. ஒரு குவைத் நாட்டவர் மக்காவுக்கு உம்ரா செய்ய வந்தால் அந்தப் பாதுகாப்பு அவருக்கு இருக்கிறது. அவருடைய வீட்டில் வேலை செய்து, அவரை விடப் பத்தில் ஒரு பங்கு சம்பாதிக்கும் நம் ஊர்ப் பெண்ணின் உம்மா இலங்கையிலிருந்து வந்தால் இல்லை.

நம்முடைய நாட்டுக்கு வெளிநாட்டுக் கொம்பனிகளோடு விலை பேசும் பலம் குறைவு என்பது உண்மைதான். ஐரோப்பாவில் இரண்டு பக்கமும் ஒரே சட்டத்துக்குக் கீழே இருந்ததால் முடிந்தது. நாம் சவூதிக் கொம்பனிக்குச் சட்டம் போட முடியாது. ஆனால் அதே ஐரோப்பியச் சட்டத்தில் இன்னொரு பகுதி இருக்கிறது, அதைச் செய்ய யாருடைய அனுமதியும் தேவையில்லை. ரோமிங் டேட்டாவின் செலவு 50 யூரோவைத் தொட்டவுடன், வாடிக்கையாளர் வேறு விதமாகக் கேட்டிருந்தால் தவிர, இணைப்பு தானாக நிற்க வேண்டும். அதற்கு முன்னரே 80 வீதத்தில் ஓர் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி. இது 2010 இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நம்மிடம் 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் இருக்கிறது, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. வாடிக்கையாளர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லா இணைப்புக்கும் இப்படியொரு எல்லை கட்டாயம் என்று விதித்தால் எந்த வெளிநாட்டுக் கொம்பனியிடமும் கையேந்தத் தேவையில்லை. கணினியில் ஓர் எல்லை போடும் வேலை. எங்கள் தெரு மனிதரின் பென்ஷன் அதிலேயே தப்பியிருக்கும்.

அதோடு அந்தக் குறுஞ்செய்தி தமிழிலும் சிங்களத்திலும் வர வேண்டும். வெளிநாட்டில் இறங்கியவுடன் வருகிற செய்தியை எனக்குக் கொண்டு வந்து காட்டிய எல்லோருக்கும் அது ஆங்கிலத்திலேயே வந்திருந்தது. ரீலோட் பண்ணினால் "மேலும் 50 ரூபாவுக்கு இதை எடுங்கள்" என்று அழகான தமிழில் அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, ஒரு எம்.பி.க்கு எவ்வளவு வெட்டுவார்கள் என்பதை மட்டும் தமிழில் அனுப்பத் தெரியாதா?

சரி, சட்டம் வரும் வரைக்கும் உம்மாவை வீட்டில் வைத்திருக்க முடியாது. இப்போது என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

வழிகள் மூன்று இருக்கின்றன: நம் கொம்பனியின் ரோமிங் பேக்கேஜ், அங்கே போய் வாங்கும் சிம், இ-சிம். வயதானவர்கள் குழுவாகப் போகும்போது என் தெரிவு எப்போதும் அங்குள்ள சிம்தான். பத்துப் பதினைந்து நாட்களுக்கு ஜி.பி. கணக்கில் அதுதான் வழக்கமாக மலிவு. அங்குள்ள வலையமைப்பு என்பதால் வேகமும் நன்றாக இருக்கும். எஸ்.டி.சி., மொபைலி, ஸெய்ன் மூன்றும் பெரியவை, மூன்றுக்கும் ஜித்தா விமான நிலையத்தில் கவுண்டர் உண்டு.

ஆனால் அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சவூதியில் 2016 இலிருந்து சிம் வாங்கக் கைரேகை வைக்க வேண்டும். கடவுச்சீட்டும் விசாவும் காட்டி, சிறிய இயந்திரத்தில் விரலை அழுத்த வேண்டும். வாழ்நாள் முழுக்க வயலிலும் மீன் வாடியிலும் மேசன் வேலையிலும் தேய்ந்த விரல்களை அந்த இயந்திரம் இலகுவில் படிக்காது. பாய் பின்னிய, நெல் குத்திய உம்மாமாரின் விரல்களும் அப்படித்தான். ஒரு விரல், இன்னொரு விரல், மற்றக் கை என்று கவுண்டர்காரன் எரிச்சல்பட, பின்னால் வரிசை நீள, பஸ் வெளியே நிற்க, கடைசியில் "வேணாம் மகன், விடுங்க" என்று வந்துவிடுகிறார்கள். விரலை ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் கிரீம் பூசி, பெருவிரலுக்குப் பதிலாக வேறு விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பலருக்குச் சரிவந்திருக்கிறது. அவசரமான விமான நிலையத்தை விட, அடுத்த நாள் ஹோட்டலுக்குப் பக்கத்துக் கடையில் அமைதியாக எடுப்பதும் நல்லது.

தெருவில் நின்று "சிம், சிம்" என்று கூவி விற்பவனிடம் வாங்க வேண்டாம். வேறு யாருடையவோ பெயரில் பதிந்த சிம்மாக இருக்கலாம். இரண்டாம் நாள் அது செத்துப் போனால் கேட்க ஆளில்லை. அந்தச் சிம்மில் யாராவது முன்னர் ஏதாவது செய்திருந்தால் பிரச்சினை இன்னும் பெரிது.

இ-சிம் என்பது பிளாஸ்டிக் இல்லாத சிம். போனுக்குள்ளேயே இருக்கும் ஒரு சில்லுக்குள் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் பண்ணி இணைப்பை இறக்குவது. எயாராலோ, ஹோலாஃப்ளை போன்ற கொம்பனிகள் நாடு வாரியாக விற்கின்றன. வீட்டில் இருந்தபடியே வாங்கலாம், கைரேகை வரிசை இல்லை, இறங்கியவுடன் வேலை செய்யும். இளம் ஆட்களுக்கு மிக நல்லது. ஆனால் உம்மாமாரின் கையில் இருப்பது பேரன் பாவித்துக் கழித்த பழைய போன். அதில் இ-சிம் வசதி பெரும்பாலும் இருக்காது. *#06# என்று அழுத்திப் பாருங்கள். ஐ.எம்.இ.ஐ. இலக்கத்தோடு ஈ.ஐ.டி. என்று இன்னொரு நீண்ட இலக்கம் வந்தால் இ-சிம் உண்டு. சீனாவிலிருந்து வந்த ஐபோன்கள் பலவற்றில் இரண்டு பிளாஸ்டிக் சிம் போடலாம், இ-சிம் கிடையாது, வாங்கும்போதே விசாரியுங்கள். இந்தக் கொம்பனிகள் விற்பது பெரும்பாலும் டேட்டா மட்டும்தான், அழைப்பு இலக்கம் வராது. "அன்லிமிட்டட்" என்று போட்டிருந்தால் கீழே சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது என்று வாசியுங்கள். ஒரு அளவுக்குப் பிறகு ஆமை வேகம்தான். காசு கட்டுவதற்கு வங்கி அட்டை வேண்டும், அதுவும் உம்மாமாரிடம் இல்லை.

நம் கொம்பனியின் ரோமிங் பேக்கேஜை முழுதாக ஒதுக்க மாட்டேன். இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு, டுபாயில் ஒரு நாள் தங்கிப் போகிறவர்களுக்கு, அது சிக்கலில்லாத வழி. ஐக்கிய அரபு இராச்சியத்தில் அங்குள்ள சிம்மில் வட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாது, தடுத்து வைத்திருக்கிறார்கள். ரோமிங்கில் டேட்டா கொழும்பு வழியாகச் சுற்றி வருவதால் அந்த அழைப்பு எடுபடுவது உண்டு. ஆனால் பேக்கேஜைப் புறப்பட முன்னரே எடுக்க வேண்டும். எந்த நாட்டுக்கு, அங்கே எந்த வலையமைப்புக்கு என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வேறு வலையமைப்பைப் போன் தானாகப் பிடித்தால் சில பேக்கேஜ்கள் செல்லாது.

எவ்வளவு டேட்டா வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வட்ஸ்அப் குரல் அழைப்பு நிமிடத்துக்கு ஒரு எம்.பி.யும் எடுக்காது. வீடியோ அழைப்பு அதைப்போலப் பல மடங்கு. ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் குரலில் பேசி, பத்துப் பதினைந்து நிமிடம் பேரப்பிள்ளையின் முகம் பார்த்து, நுசுக்கும் வரைபடமும் பாவித்தால் என் கணக்கில் இரண்டு கிழமைக்கு 4 அல்லது 5 ஜி.பி. போதும். யூடியூப்பில் பயான் பார்த்தால் அந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். பயானை ஹரத்திலேயே நேரில் கேட்கலாமே!

போக முன்னர் வீட்டில் வைத்தே செய்ய வேண்டியவை இருக்கின்றன. இதைப் பிள்ளைகள்தான் செய்து கொடுக்க வேண்டும். வட்ஸ்அப் செட்டிங்கில் தானாக இறங்குவதை நிறுத்துங்கள், ரோமிங்கில் இருக்கும்போது என்று தனியாக ஒரு வரி இருக்கும். படங்கள் தானாக மேலே ஏறுவதையும் நிறுத்துங்கள். கூகுள் மெப்பில் மக்காவையும் மதீனாவையும் வீட்டு வைஃபையில் இறக்கி வையுங்கள். டேட்டா இல்லாமலே நீலப் புள்ளி எங்கே நிற்கிறது என்று காட்டும். ஹோட்டலின் பெயரையும் இடத்தையும் அரபியில் ஒரு படமாக எடுத்துப் போனின் முகப்பிலேயே வையுங்கள், எழுத்துத் தெரியாதவரும் எடுத்துக் காட்டலாம். இமோவையும் ஏற்றி வையுங்கள், அங்கே சில நேரம் ஒரு செயலியில் அழைப்பு எடுபடாவிட்டால் மற்றதில் எடுபடும்.

புதுச் சிம் போட்டவுடன் இலக்கம் மாறிவிட்டதா என்று வட்ஸ்அப் கேட்கலாம். பழைய இலக்கத்தையே வைத்திருக்கச் சொல்லி அழுத்தினால் போதும், எல்லோரும் பழைய இலக்கத்திலேயே எடுக்கலாம். இதைத் தெரியாமல் புது இலக்கத்துக்கு மாற்றி, ஊருக்கு வந்த பின் வட்ஸ்அப்பே திறக்க முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். ஆறு இலக்கக் குறியீடு வந்தால் அமீருக்கும் சொல்லக் கூடாது, கூடப் போன மௌலவிக்கும் சொல்லக் கூடாது.

இரண்டு சிம் போடக்கூடிய போன் என்றால் இலங்கைச் சிம்மைக் கழற்ற வேண்டாம். ரோமிங் திறந்திருக்கட்டும், ஆனால் அந்தச் சிம்முக்கு டேட்டா ரோமிங் மூடியிருக்க வேண்டும். இந்த இரண்டும் வேறு வேறு என்பதுதான் நம் ஆட்களைக் குழப்புகிறது. வங்கியின் குறியீட்டுக் குறுஞ்செய்தி வருவதற்கு வழக்கமாகக் காசு வெட்டுவதில்லை. வருகிற அழைப்பைத் தூக்கினால் வெட்டுவார்கள், ஆகவே அதில் அழைப்பு வந்தால் விட்டுவிடச் சொல்லுங்கள். முற்கொடுப்பனவு இணைப்பு என்றால் இருக்கிற மீதி மட்டும்தான் போகும், மாதாந்த பில் இணைப்பை விட அந்த வகையில் நிம்மதி. ஒரே சிம் போடும் போன் என்றால், கழற்றிய சிம்மை ஒரு செலோடேப்பால் கடவுச்சீட்டின் பின் அட்டைக்குள் ஒட்டுங்கள். பொக்கெட்டில் போட்டால் இஹ்ராம் மாற்றும்போது போய்விடும். விமானத்துக்குள்ளும் போனை விமானப் பயண முறையில் வைக்கச் சொல்லுங்கள். அங்கே செய்மதி வழியாக ஒரு வலையமைப்பு இருந்தால் அதன் விலை தரையில் உள்ளதைப் போல இல்லை.

இவ்வளவையும் ஒரு 65 வயது உம்மா தானாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியுமா? இங்கேதான் எனக்கு உம்ரா ஏஜென்சிகள் மீது கேள்வி இருக்கிறது.

இலட்சக் கணக்கில் பேக்கேஜ் விற்கிறீர்கள். பை தருகிறீர்கள், குடை தருகிறீர்கள், கழுத்தில் தொங்கப் போட அட்டை தருகிறீர்கள், பேக்கேஜ் விளம்பரத்தில் எத்தனை வேளைச் சாப்பாடு என்று எழுதுகிறீர்கள். எத்தனை ஜி.பி. என்று எழுதினால் என்ன? சிலர் "இலவச சிம்" என்று போடுகிறார்கள். அதில் எவ்வளவு டேட்டா, எத்தனை நாள், யாருடைய பெயரில் என்று கேட்டால் "அங்க போய்ப் பார்ப்பம்" என்கிறார்கள். ஒழுங்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்யட்டும். ஆனால் அது ஏஜென்சிக்காரரின் நல்ல மனதில் தங்கியிருக்கிறது. ஹஜ்ஜுக்கு நமக்குக் கிடைப்பது 3,500 பேருக்கான இடம். அதற்கு ஹஜ் குழுவும் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் முகவர்களுக்கு நிபந்தனை போடுகின்றன. அந்த நிபந்தனைகளில் சிம்மும், ஒரு மணித்தியாலப் போன் வகுப்பும் இரண்டு வரியாகச் சேர்ந்தால் போதும். வழிகாட்டல் வகுப்புகளில் இஹ்ராம் கட்டும் முறையைப் பாவைப்பிள்ளை வைத்துக்கூடக் காட்டுகிறார்கள். நுசுக்கைத் திறந்து காட்ட யாருமில்லை.

வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்களின் நிலை இதைவிட மோசம். உம்ராவுக்குப் போனவர் பதினைந்தாம் நாள் திரும்பி வருவார். வீட்டு வேலைக்குப் போனவளுக்கு இரண்டு வருடம். அவளுக்கு வதிவிட அட்டை கிடைக்கும் வரைக்கும் சொந்தப் பெயரில் நிரந்தரச் சிம் எடுப்பது கஷ்டம். அதுவரை எஜமானின் வைஃபை. அந்த வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றினால் அவளுக்குப் பிள்ளை இல்லை, உம்மா இல்லை, தூதரகம் இல்லை. என் வகுப்பில் இருந்த ஒரு பிள்ளை மூன்று வாரம் யாருடனும் பேசாமல் இருந்தாள். நான் வேறு எதையெல்லாமோ யோசித்தேன். உம்மாவின் வட்ஸ்அப்பில் ஒரு கோடுதான் விழுகிறது, இரண்டாவது கோடு விழவில்லை என்பதுதான் அவளுக்குக் கவலை. நான்காம் வகுப்புப் பிள்ளை அந்தச் சாம்பல் கோட்டை ஒவ்வொரு நாளும் எழும்பியவுடன் பார்த்திருக்கிறாள்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இந்தப் பெண்களுக்குப் புறப்பட முன்னர் கட்டாயப் பயிற்சி கொடுக்கிறது. வொஷிங் மெஷினும் அரபுச் சொற்களும் படிப்பிக்கிறார்கள். அதில் ஒரு பாடம் போனுக்கும் கொடுங்கள். ஒரு மாதத்துக்காவது போதுமான ரோமிங் டேட்டாவை அவளுடைய சிம்மில் போட்டு அனுப்புவதை முகவரின் கடமையாக்குங்கள். முதல் மாதம்தான் பயங்கரமான மாதம். 2022 இல் நாடு டொலருக்கு அலைந்தபோது இந்தப் பெண்களிடம்தான் "வங்கி வழியாகக் காசு அனுப்புங்கள்" என்று கெஞ்சினோம். அவர்கள் அனுப்பிய காசில் வந்த டொலரில் சில ஜி.பி.யை அவர்களுக்கே திருப்பிக் கொடுப்பது பெரிய தர்மம் ஒன்றும் இல்லை.

என் பதிவுகளுக்கு வழக்கமாக வரும் ஒரு பின்னூட்டத்துக்கு முன்கூட்டியே பதில்: "டீச்சர், இதெல்லாம் பிள்ளைகள் சொல்லிக் கொடுக்கலாம்தானே?" கொடுக்கலாம். கொடுக்கிறார்களா? உம்மாவின் போனை வாங்கி, இரண்டு நிமிடத்தில் ஏதோ தட்டி, "சரி உம்மா, இனி வேல செய்யும்" என்று திருப்பிக் கொடுப்பது சொல்லிக் கொடுப்பது இல்லை. அவர் கையாலேயே மூன்று தடவை செய்ய வேண்டும். டேட்டாவை மூடித் திறக்க, ஹோட்டல் படத்தைக் காட்ட, மகனுக்கு இருக்கும் இடத்தை அனுப்ப. இந்த மூன்றையும் செய்யத் தெரிந்தால் போதும். குர்ஆன் ஓதக் கற்றுக்கொண்டவர்களுக்கு இது ஒரு பெரிய விசயமே இல்லை, நாம் பொறுமையாக உட்காருவதில்லை, அவ்வளவுதான்.

நம் ஊரிலிருந்து அடுத்த உம்ராக் குழு வரும் மாதம் புறப்படுகிறது. அதில் போகும் பெண்களுக்கு இந்த வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு பெண்கள் மத்ரஸா மண்டபத்தில் ஒரு மணித்தியாலம் உட்கார நானும் இன்னும் இரண்டு டீச்சர்மாரும் பேசியிருக்கிறோம். காசு இல்லை. போன், சார்ஜர், கடவுச்சீட்டின் பிரதி, மூக்குக் கண்ணாடி நான்கையும் கொண்டு வரச் சொல்லுங்கள். மூக்குக் கண்ணாடியைக் கட்டாயம் கொண்டு வரச் சொல்லுங்கள், போன முறை பாதிப் பேர் அதை வீட்டில் வைத்துவிட்டு வந்தார்கள். ஆண்களுக்கு யாராவது சேர்மார் முன்வந்தால் கீழே எழுதுங்கள், நான் தயாரித்த தாளை அனுப்பிவிடுகிறேன்.